மாடு என்னும் செல்வம்

தமிழர் அன்றாடம் பேசும் விலங்குப் பெயர்களுள் 'மாடு' மிக எளிய சொல்லாகத் தோன்றினாலும், அதன் பொருள் வரலாறு தமிழ்ச் சமூகத்தின் பொருளியல் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. இன்று அச்சொல் பசு, காளை, எருது, எருமை ஆகிய அனைத்துக்கும் பொதுப்பெயராக நிற்கிறது. பாலையோ இனத்தையோ பிரித்துச் சொல்லவேண்டிய இடத்தில் பசுமாடு, காளைமாடு, எருமைமாடு என முன்னே ஓர் அடையைச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். பழந்தமிழில் இதே சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் இருந்தது. கால்நடையின் எண்ணிக்கையைக் கொண்டே ஒரு குடியின் வளத்தை மதித்த காலத்தை இவ்விரு பொருள்களின் சேர்க்கை நினைவூட்டுகிறது. அந்தக் காலத்தின் சான்றுகள் இலக்கண நூல்களிலும் நடுகற்களிலும் கோயில் கல்வெட்டுகளிலும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 'மாடு' என்பதற்கு விலங்குப் பொருளோடு செல்வம், பொன் ஆகிய பொருள்களையும் தருகிறது. பக்கம், இடம் என்ற பொருளில் வரும் 'மாடு' ஒலியால் ஒன்றுபட்டாலும் தனிச்சொல்லாகக் கொள்ளத்தக்கது. செல்வப் பொருளுக்குப் பலரும் அறிந்த சான்று திருக்குறளின் கல்வி அதிகாரத்து இறுதிக் குறளாகும். கல்வியே அழிவில்லாத சிறந்த செல்வம் என்றும், ஏனையவை செல்வம் ஆகா என்றும் கூறும் அக்குறளில், பின்வரும் செல்வத்தைச் சுட்ட வள்ளுவர் ஆண்ட சொல் 'மாடு' என்பதே. விலங்கை மட்டுமே அறிந்த இன்றைய மாணவர் அவ்விடத்தில் சற்றே தடுமாறுவதுண்டு. கால்நடையே கைப்பொருளாக இருந்த சமூகத்தில் கல்வியை அதற்கும் மேலாக நிறுத்தியது எத்தகைய துணிவு என்பதை உணர்ந்தால் அத்தடுமாற்றம் வியப்பாக மாறும்.

விலங்கும் செல்வமும் ஒரு சொல்லில் கூடுவது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்ற இலத்தீன் சொல், கால்நடையைக் குறிக்கும் 'பெக்கூ' என்பதிலிருந்து பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபேஓ' என்ற ஒரே சொல் கால்நடை, உடைமை, பணம் ஆகிய மூன்றையும் குறித்தது. சில மொழிகளில் பொருள் எதிர்த் திசையிலும் நகர்ந்திருக்கிறது. தலை என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து முதலில் முதன்மைச் சொத்தைக் குறிக்கும் சொல் உருவாகி, அதிலிருந்தே ஆங்கிலத்தில் முதலீட்டைக் குறிக்கும் 'கேப்பிட்டல்', அசையும் பொருளைக் குறிக்கும் 'சாட்டல்', மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்' ஆகிய மூன்றும் கிளைத்தன. அண்டை மொழியான கன்னடத்தில் மாட்டைக் குறிக்கும் 'தன' என்ற சொல்லை, செல்வம் என்று பொருள்படும் வடசொல்லான 'தனம்' என்பதன் திரிபாகவே அகராதியாளர் கொள்கின்றனர். கால்நடை வளர்ப்பை வாழ்வின் அடிப்படையாகக் கொண்ட மக்கள் எங்கு வாழ்ந்தாலும் இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று நாடியிருக்கின்றன என்பதை இச்சான்றுகள் தெளிவாக்குகின்றன.

ஆ, பெற்றம், ஏறு

சங்க நூல்களில் இவ்விலங்குக்குப் பெருவழக்காக உள்ள பெயர்கள் வேறு. பெண்பாலுக்கு 'ஆ' அல்லது 'ஆன்', இனம் முழுமைக்கும் 'பெற்றம்', ஆண்பாலுக்கு 'ஏறு', உழவுக்கும் வண்டிக்கும் பழகியதற்குப் 'பகடு', கூட்டமாக மேய்வதற்கு 'நிரை' எனப் பாலும் தொழிலும் நிலையும் தனித்தனிச் சொற்களால் சுட்டப்பட்டன. இவற்றுள் 'ஆ' என்பது ஓரெழுத்து ஒருமொழி, அதாவது ஒரே எழுத்து தனித்து நின்று பொருள் தரும் சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'ஆவு' என அது வழங்குவதால், தென்மொழிகள் பிரிவதற்கு முன்பே இருந்த பொதுச்சொல் என்பது விளங்குகிறது. ஆக்களை மேய்ப்போர் ஆயர் எனவும், அவர்தம் மகளிர் ஆய்ச்சியர் எனவும், அவர்கள் வாழும் ஊர் ஆய்ப்பாடி எனவும் பெயர் பெற்றனர். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஆய்ச்சியர் குரவை என ஒரு காதையே அவர்கள் பெயரால் அமைந்துள்ளது. பேச்சுவழக்கில் 'ஆ' தனித்து வழங்காமல் மறைந்துவிட்டது எனினும், தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையத்தின் வணிகப்பெயரான 'ஆவின்' வழியாக அது நாள்தோறும் வீடுகளுக்குள் வருகிறது. 'ஆ' என்பதோடு 'இன்' சேர்ந்து, இடையில் வகர உடம்படுமெய், அதாவது இரண்டு உயிரொலிகளை இணைக்க வரும் மெய், தோன்றியதால் உருவான அப்பெயருக்குப் 'பசுவினுடைய' என்பதே நேர்ப்பொருள்.

விலங்குகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களைத் தொகுத்துச் சொல்லும் தொல்காப்பிய மரபியல், இத்துறையில் தமிழ் எய்தியிருந்த நுட்பத்துக்குச் சிறந்த ஆவணமாகும். கன்று என்ற இளமைப்பெயர் ஆவுக்கு மட்டுமன்றி யானை, குதிரை, கழுதை, எருமை முதலியவற்றுக்கும் உரியது என்றும், ஏறு என்ற ஆண்பாற்பெயர் நிலத்து விலங்குகளோடு கடலில் வாழும் சுறாவுக்கும் பொருந்தும் என்றும் அந்நூல் வரையறுக்கிறது. எருமை, மரை என்னும் மான்வகை, பெற்றம் ஆகிய மூன்றின் பெண்பாலுக்கு 'நாகு' என்ற பெயரை அது தருகிறது. ஏட்டில் மட்டும் உறைந்துவிட்டதாகத் தோன்றும் இச்சொல் யாழ்ப்பாணத்து வழக்கில் இன்னும் ஈனாத இளம்பசுவைக் குறிக்க வாழ்ந்துவருகிறது. அதற்கு இணையான இளங்காளை அங்கே 'நாம்பன்' எனப்படுகிறது. மரபியல் ஆண்பாற்பெயர்களுள் ஒன்றாகச் சொல்லும் 'சே' என்பதும் அவ்வாறே முற்றிலும் அழியாமல், ஆண்கன்றைக் குறிக்கும் 'சேங்கன்று' என்ற சொல்லுக்குள் தங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு உழவர் பெண்கன்றைக் 'கிடாரி' என்றும், ஆண்கன்றைச் 'சேங்கன்று' அல்லது 'காளங்கன்று' என்றும் பிரித்தழைப்பது மரபியல் காட்டும் பழக்கத்தின் தொடர்ச்சியே. 'காளை' என்ற சொல் பழைய நூல்களில் இளமையும் வலிமையும் உடைய ஆண்மகனைக் குறிக்கவும் பயின்றுள்ளது.

இவ்வளவு சொற்கள் இருந்தும் பிற்காலத்தில் 'மாடு' என்பதே பொதுப்பெயராக நிலைபெற்றது. 'பெற்றம்' வழக்கொழிந்தபின் பாலும் இனமும் சுட்டாத ஒரு சொல்லுக்கு இருந்த தேவையை அது நிறைவு செய்தது. செல்வம் என்ற பொருள் மெல்ல மங்கி, விலங்குப் பொருள் மட்டும் எஞ்சியதும் இக்காலப் போக்கில்தான்.

கல்லில் பதிந்த ஆகோள்

கால்நடை செல்வமாக இருந்ததால் அதைக் கவர்வதே போரின் தொடக்கமாக அமைந்தது. பகைவர் நாட்டு ஆநிரையை, அதாவது மாட்டுக் கூட்டத்தை, இரவில் கவர்ந்து வருவதைத் தொல்காப்பியம் வெட்சித்திணை என்று வகுக்கிறது. கவர்ந்து செல்லப்பட்டதை மீட்பதைப் பிற்கால நூலான புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித்திணையாகப் பிரிக்கிறது. வெட்சியும் கரந்தையும் பூக்களின் பெயர்கள். அந்தந்தப் போருக்குச் செல்வோர் சூடிய பூவே அப்போருக்குப் பெயராயிற்று. வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் குறிப்பிடும் சொல் 'ஆகோள்'; ஆக்களைக் கொள்ளுதல் என்பது அதன் பொருள்.

இலக்கண நூலில் இருந்த இச்சொல் வாழ்க்கையிலும் இருந்ததற்கு 2006ஆம் ஆண்டு நேரடிச் சான்று கிடைத்தது. தேனி மாவட்டத்தில் வைகைக் கரையை அடுத்த புலிமான்கோம்பை என்ற ஊரில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். நடுகல் என்பது போரில் இறந்த வீரனுக்கு ஊரார் எடுக்கும் நினைவுக்கல். இங்குக் கிடைத்த கற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. 'ஆகோள்' என்ற சொல் அதில் அவ்வாறே பொறிக்கப்பட்டிருக்கிறது. கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தவை என்று ஆய்வாளர்களால் மதிப்பிடப்படும் இக்கற்களில் உருவச் சிற்பம் ஏதும் இல்லை. ஒரு சில சொற்களே உள்ளன. அச்சில சொற்களுள் ஒன்றாக ஆகோள் இடம்பெற்றிருப்பது, மாட்டுக்காக உயிர்விடுவது அக்காலத்தில் எத்தகைய மதிப்புக்குரிய செயலாக இருந்தது என்பதை எந்த உரையாசிரியரின் விளக்கத்தைக் காட்டிலும் அழுத்தமாகச் சொல்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்துத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் எழுந்த பல்லவர் கால நடுகற்களில் மாட்டு மந்தையைக் குறிக்க வரும் சொல் 'தொறு'. சொல் மாறினாலும் தொறுவைக் கவர்ந்தபோதும் மீட்டபோதும் மாண்ட வீரர்களுக்குக் கல்நடும் வழக்கம் மாறவில்லை.

உழக்கு நெய்யும் 48 பசுக்களும்

போரில் கவரும் பொருளாக இருந்த மாடு, பேரரசு நிலைபெற்ற காலத்தில் கோயில் கணக்கில் முதலாக மாறியது. முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதை மிகத் துல்லியமாகக் காட்டுகின்றன. அங்கு ஒரு திருவிளக்கு நாள்தோறும் எரிய உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்யை இடையறாது அளக்கும் பொறுப்பை ஏற்கும் இடையரிடம் 96 ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன. ஆட்டுக்கு மாறாகப் பசுவெனில் 48, எருமையெனில் 16 போதும். 1 பசு 2 ஆடுகளுக்கும், 1 எருமை 6 ஆடுகளுக்கும் சமம் என்ற மாற்றுக் கணக்கு இதனால் புலனாகிறது. இவ்வாறு விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. இறக்கும் ஆட்டுக்கு ஈடாகப் பிறக்கும் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டியது இடையரின் கடமையாதலால், மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை என்பது அத்தொடரின் கருத்து. முதல் அழியாமல் நின்று, அதன் விளைவு மட்டும் செலவாகும் இம்முறை இன்றைய நிலைவைப்பை ஒத்தது. செல்வம் என்ற பொருளில் 'மாடு' வழங்கியதன் காரணத்தை இதைவிட நன்றாக விளக்கும் ஆவணம் அரிது.

பசு: வீட்டிலிருந்து தத்துவத்துக்கு

இன்று பெண்பால் மாட்டின் பொதுப்பெயராக உள்ள 'பசு' வடமொழியிலிருந்து வந்தது. முதலில் வீட்டு விலங்குகள் அனைத்தையும் குறித்த அச்சொல், முன்னர்க் கண்ட இலத்தீன் 'பெக்கூ' என்பதன் உறவுச்சொல்லும் ஆகும். தமிழில் அது இரண்டு வேறு தளங்களில் நிலைத்தது. வீட்டில் 'ஆ' இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சைவ சித்தாந்தத்தில் உயிரைக் குறிக்கும் கலைச்சொல்லாயிற்று. பதி, பசு, பாசம் என அச்சமயம் வகுக்கும் முப்பொருள்களுள் பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியுள்ள தளை. கயிற்றால் கட்டுண்ட விலங்கும் அதற்கு உரிமை உடையவனும் என்ற தொழுவத்து உறவே இங்கு உயிருக்கும் இறைக்கும் உள்ள உறவை விளக்க எடுத்தாளப்பட்டது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் இவ்விரு சொற்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. தேவாரத்தில் அத்தலத்தின் பெயர் 'ஆனிலை'; ஆன், பசு எனத் தமிழும் வடமொழியும் அவ்விலங்கைக் கொண்டே அத்தலத்தையும் இறைவனையும் சுட்டின. அவ்வூரை ஒட்டிப் பாயும் அமராவதி ஆற்றின் பழம்பெயரும் ஆன்பொருநை என்பதே.

ஊர்ப்பெயர்களில் கால்நடையின் தடம் இன்னும் பரவலாகத் தென்படுகிறது. தமிழகத்தில் எண்ணற்ற ஊர்ப்பெயர்களின் ஈறாக வரும் 'பட்டி' என்பதற்கு ஆடுமாடுகளை அடைக்கும் இடம் என்றும் சிற்றூர் என்றும் இரு பொருள்கள் உண்டு. அடைப்பைச் சுற்றி எழுந்த குடியிருப்பே நாளடைவில் ஊராயிற்று எனக் கொள்ளலாம். இலங்கைத் தமிழர் மாட்டுப் பொங்கலைப் 'பட்டிப் பொங்கல்' என்று அழைப்பதில் அச்சொல்லின் முதற்பொருள் சிதையாமல் நிற்கிறது. ஆயினும் 'மாட்டு' என்று தொடங்கும் சொற்கள் எல்லாவற்றையும் மாட்டோடு தொடர்புபடுத்துவது பொருந்தாது. மருமகளைக் குறிக்கும் 'மாட்டுப்பெண்', 'மாற்றுப்பெண்' என்பதன் பேச்சுத் திரிபாகவே விளக்கப்படுகிறது.

சந்தையில் வாழும் சொற்கள்

மாட்டைப் பற்றிய தமிழின் சொல்வளம் இன்று முழுமையாகக் காணக்கிடைக்கும் இடம் மாட்டுச் சந்தையே. காங்கேயம் அருகே கண்ணபுரத்திலும் ஈரோடு மாவட்டத்து அந்தியூரிலும் கோயில் திருவிழாக்களை ஒட்டிக் கூடும் சந்தைகளில், ஒரு மாடு 'மாடு' என்ற பொதுப்பெயரால் மட்டும் விலைபோவதில்லை. நிறத்தால் அது மயிலை, செவலை, காரி எனப் பிரிகிறது. வெளிர்சாம்பல், செம்மை, கருமை என்பன முறையே அவற்றின் பொருள். பயனால் கறவை, உழவுமாடு, வண்டிமாடு, பொலிகாளை எனவும், ஈன்ற முறையால் தலையீத்து, இரண்டாம் ஈத்து எனவும் அறியப்படுகிறது. உடலின் மயிர்ச்சுழிகள் அமைந்த இடத்தைக் கொண்டு நல்லது, ஆகாதது என முடிவுசெய்யும் சுழி பார்க்கும் வழக்கமும் உண்டு.

வயதை அறியப் பல் பார்க்கிறார்கள். மாட்டுக்கு மேல்தாடையின் முன்பகுதியில் வெட்டுப்பற்கள் கிடையா. கீழ்த்தாடையில் உள்ள எட்டுப் பால்பற்கள் இரண்டிரண்டாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஏறத்தாழ இரண்டு வயதில் முதற்சோடி மாறும்; கடைசிச் சோடி மாறும்போது வயது நான்கைக் கடந்திருக்கும். அதனால் இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடைமுளைத்தது என்று சொன்னாலே சந்தையில் வயது விளங்கிவிடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்ற பழமொழி இந்நடைமுறையிலிருந்து பிறந்தது. இலவசமாகக் கிடைத்ததன் குறையை ஆராய்வது பண்பன்று என்பது அதன் கருத்து. விலை பேசுவதும் வாய்ச்சொல்லால் நிகழ்வதில்லை. தரகர் தம் கையோடு எதிராளியின் கையையும் ஒரு துண்டால் மூடி, விரல்களைப் பிடித்தும் விட்டும் தொகையைத் தெரிவிப்பார்; சுற்றி நிற்பவர் எவருக்கும் தெரியாமலேயே பேரம் முடிந்துவிடும்.

இனப்பெயர்கள் பெரும்பாலும் இடப்பெயர்களாகவே அமைந்துள்ளன. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகியவை தமிழ்நாட்டு மாட்டினங்களுள் புகழ்பெற்றவை. காவிரிப் படுகையின் சேற்று வயலுக்கேற்ற உம்பளச்சேரி மாடுகளின் கொம்பைத் தீய்த்து வளரவிடாமல் செய்யும் வழக்கம் இருந்ததால், அவற்றுக்கு 'மொட்டை மாடு' என்ற பெயரும் உண்டு. சிவகங்கை வட்டாரத்துப் புலிக்குளம் மாடுகள் கிடைமாடுகளாக வளர்க்கப்படுபவை. அறுவடை முடிந்த வயலில் இரவில் மந்தையை மடக்கி, அதன் சாணத்தாலும் கோமியத்தாலும் நிலத்தை வளப்படுத்துவதே கிடைபோடுதல். ஏறு தழுவுதல் எனக் கலித்தொகையின் முல்லைக்கலி விரித்துரைக்கும் விளையாட்டின் இன்றைய வடிவமான சல்லிக்கட்டில் இவ்வினக் காளைகள் பெயர் பெற்றவை. காளையின் கொம்பில் சல்லிக்காசு முடிப்பைக் கட்டும் வழக்கத்தால் அப்பெயர் வந்தது என்பர். 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்விளையாட்டைத் தடை செய்தபோதும், 2017ஆம் ஆண்டு மக்கள் திரண்டெழுந்து புதிய சட்டம் பிறந்தபோதும், நாட்டு மாட்டினங்களின் பெயர்கள் நகரத்து இளைஞர் நாவிலும் பரவலாக ஒலிக்கத் தொடங்கின.

வழக்கில் மாறிய மதிப்பு

மரபுத்தொடர்களை நோக்கினால் மாட்டின் மதிப்பு இறங்கிய வரலாறும் தெரிகிறது. செல்வமாக இருந்த மாடு, பேச்சுவழக்கில் பெரும்பாலும் உழைப்பாகவும் பணிவாகவும் காட்டப்படுகிறது. ஓய்வின்றிப் பாடுபடுபவர் மாடாய் உழைப்பவர் ஆகிறார். ஒரே தடத்தில் சுழன்று முன்னேற்றம் காணாதவர் செக்குமாடு ஆகிறார். எதற்கும் தலையசைப்பவரைப் பூம்பூம் மாடு என்கிறார்கள். சாதுவான இயல்புக்குப் பசுவும், எதற்கும் அசையாத மந்தத்துக்கு எருமையும் உவமையாகின்றன. அடியாத மாடு படியாது என்ற பழமொழி பிள்ளைகளை அடித்து வளர்ப்பதற்கு நெடுங்காலம் நியாயமாகச் சொல்லப்பட்டு வந்தது. அதே மக்கள், ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வோர் உயிரின் இயல்பையும் அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளவேண்டும் என்னும் இப்பிந்திய பழமொழியே மாட்டோடு வாழ்ந்தவர்களின் உண்மையான பட்டறிவு.

டிராக்டர் உழவையும் லாரி பாரத்தையும் ஏற்றுக்கொண்டபின் எருதின் வேலை குறைந்தது. வேலை குறையக் குறைய அதைச் சுற்றியிருந்த சொற்களும் குறைந்துவருகின்றன. பகடும் பெற்றமும் முன்பே மறைந்தன. நாகு ஒரு வட்டாரத்துக்குள் ஒதுங்கிவிட்டது. சேங்கன்று, தலையீத்து, கடைமுளைத்தல் போன்றவை சந்தையிலும் தொழுவத்திலும் மட்டும் புழங்குகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் தன்னளவில் ஓர் அறிவு: வயதைக் கணிக்கும் முறை, ஈற்றை எண்ணும் முறை, நிறத்தைப் பகுக்கும் முறை. தொல்காப்பியர் தம் காலத்து விலங்குப் பெயர்களைத் தொகுத்து ஓர் இயலில் அமைத்ததால்தான், நாகு என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் கேட்பவர் அதன் தொன்மையை உணர முடிகிறது. அதே பணியை இன்றைய வட்டார வழக்கு அகராதிகளும் கால்நடைப் பல்கலைக்கழகமும் தமிழ்த்துறைகளும் இணைந்து மேற்கொள்ளவேண்டும். மாட்டினங்களைக் காக்கும் திட்டங்களோடு அவற்றை வளர்ப்போரின் சொற்களைப் பதிவு செய்யும் திட்டமும் சேர்ந்தால்தான், செல்வம் என்று முன்னோர் எதை அழைத்தனர் என்பது அடுத்த தலைமுறைக்கும் முழுமையாக விளங்கும்.